நோ என்றால் 'இல்லை' அல்ல



'உடலும் உழைப்பும்' பகுதியில் சென்ற முறை இரவு வேலையையும் நித்திரையையும் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் கோயிலிலும் கடையிலும் கண்டு கதைத்தவர்களில் அரைவாசிப் பேர் நித்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. நாரி நோ, தோள்மூட்டு உளைவு, கைவிரல் விறைப்பு என்றுதான் கேட்டார்கள். ஆகவே இம்முறை எலும்பு, மூட்டு, தசை, இவற்றுக்கு இந்த நாட்டில் கிடைக்கும் பிசியோதெரபி வைத்தியம் என்பவற்றை எடுத்துக்கொள்கிறோம். நாங்கள் டொக்டர் அல்ல. ஓ.எல். வரை படித்துவிட்டு வந்து, பெல்ட்டில் ஓடி வருகிற பெட்டிகளை எடுத்து அடுக்குகிற ஆட்கள். எங்கள் நாரி பிசியோதெரபிக்குப் போய்வந்ததில் கேட்டறிந்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் எங்கள் பாஷையில் தருகிறோம்.

முதலில் ஒரு சொல்லால் வந்த வில்லங்கம். எங்கள் ஊரில் வலிக்கு 'நோ' என்றுதான் சொல்லுவோம். ஆங்கிலத்தில் 'நோ' என்றால் இல்லை. வால்தம்ஸ்டோவில் எங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மா, வந்து ஒன்றரை வருடம், சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. டொக்டர் அவரின் முதுகைத் தொட்டு, நோகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அம்மாவும் "நோ, நோ" என்றாராம். டொக்டர் இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தினார். "நோ, சரியான நோ!" டொக்டருக்கு நல்ல சந்தோசம். ஒன்றும் இல்லை என்று எழுதி, பனடோல் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். அம்மா "நாரிக்குள்ளை பிடிக்குது" என்று சொல்ல, அவருக்கு விளங்கவில்லை. அவர்கள் படித்த தமிழில் நாரி என்றால் பெண். நாங்கள் நாரி என்று சொல்லுவதை அவர்கள் இடுப்பு, கீழ் முதுகு என்று சொல்லுவார்கள். இதைச் சிரிப்பாகத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு இதற்குள் நான்கு மாதம் போய்விட்டது. அந்த நான்கு மாதமும் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஆகவே டொக்டரிடம் போகுமுன் ஒரு சிறு கடதாசியில் சில விஷயங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். எந்த இடம்? விரலால் தொட்டுக் காட்டுவது எந்தச் சொல்லையும் விட நல்லது. எப்போது தொடங்கியது? திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? எப்படியான நோ: குத்துகிறதா, உளைகிறதா, எரிகிறதா, விறைக்கிறதா? இவை நான்கும் ஒன்றல்ல. உளைவு பெரும்பாலும் தசையும் மூட்டும் சொல்லுகிற முறைப்பாடு. எரிவும் விறைப்பும் மின்சாரம் அடித்தது போன்ற ஓட்டமும் நரம்பின் பேச்சு. எந்த வேலையில் கூடுகிறது, எதில் குறைகிறது, நித்திரையைக் கெடுக்கிறதா என்பவையும் தேவை. கடைசியாக, அந்த நோவால் என்ன செய்ய இயலாமல் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். 'பிள்ளையைத் தூக்க இயலவில்லை', 'தலைக்கு மேலே கையைத் தூக்கித் தலை இழுக்க இயலவில்லை' என்று சொன்னால் எந்த நாட்டு டொக்டருக்கும் விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர் இலவசம். சந்திப்பு நேரம் எடுக்கும்போதே, இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும், அல்லது பெண் ஒருவர் வேண்டும் என்று கேட்கலாம். தயவுசெய்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க விடாதீர்கள். பன்னிரண்டு வயது மகனுக்கு முன்னால் எந்தத் தாய் தன் உடம்பைப் பற்றி முழுதாகச் சொல்லுவாள்? பாதி நோவை அவள் விழுங்கிவிடுவாள். மீதிப் பாதிக்குப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் தெரியாது.

சொல் என்றதும் ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வருகிறது. உடற்கூற்றியலைத் தமிழில் சொல்ல ஏலாது என்று நினைப்பவர்கள் இங்கே அதிகம். ஆனால் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் படித்து, எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தவர். அவரின் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. எலும்பும் தசையும் நரம்பும் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னரே தமிழில் அச்சாகிவிட்டன. எங்கள் நாரிக்குள் என்ன இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஆங்கிலம் கட்டாயம் இல்லை.

சரி, நாரிக்குள் என்ன இருக்கிறது?

வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். முள்ளந்தண்டில் கழுத்திலிருந்து நாரி வரை அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. அவற்றில் கடைசி 5தான் நாரி எலும்புகள். உடம்பின் மேல்பாதிப் பாரம் முழுவதும் இறங்குவது அவற்றின் மேலே என்பதால் அவை மற்றவற்றை விடத் தடிப்பானவை. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு தட்டு, அதாவது டிஸ்க். வெளியே பலமான நார் வளையம், உள்ளே களி போன்ற பொருள். எலும்புகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பவை இணைப்பு நார்கள். தசையை எலும்போடு பிணைப்பவை தசைநாண்கள். இந்தச் சாமான்கள் எல்லாம் அசைவதற்கென்றே செய்யப்பட்டவை.

பாரம் தூக்கும்போது நாரிக்கு என்ன நடக்கிறது என்பதை விளங்கக் கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். துலா மிதித்தவர்களுக்குத் தெரியும், அச்சுக்குக் கிட்ட நிற்கிற ஆளால் பட்டையைத் தூக்க இயலாது. தள்ளி நடக்க நடக்கத்தான் பட்டை மேலே வரும். எங்கள் முதுகுத் தசைகளின் தலைவிதி என்னவென்றால், அவை எப்போதும் அச்சுக்குக் கிட்டவே நிற்கின்றன. நாரித் தட்டுக்கும் அதற்குப் பின்னால் இழுக்கிற தசைக்கும் இடையில் ஏறத்தாழ 2 அங்குலம்தான். கையை நீட்டி ஒரு பெட்டியைப் பிடித்தால் பெட்டி 16 அங்குலம் முன்னால் நிற்கும். எட்டு மடங்கு. அப்படியென்றால் 15 கிலோப் பெட்டிக்காக மட்டும் முதுகுத் தசை 120 கிலோவுக்குச் சமமாக இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் பாரம் வேறு. அதே பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் இந்தக் கணக்கு அரைவாசியாகிவிடும். 'பெட்டியைக் கட்டிப் பிடி' என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதன் விளக்கம் இவ்வளவுதான். முழங்காலை மடி, முதுகை நிமிர்த்து என்று சுவரில் ஒட்டியிருக்கிற படத்தை விட, பாரத்தைக் கிட்ட வைப்பதும் திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைப்பதும் முக்கியம் என்பது எங்கள் அனுபவம்.

இந்த நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. பாரம் கையாளும் வேலைக்கான ஒழுங்குவிதிகள் 1992இல் வந்தவை. முதலாளி முதலில் அப்படியான தூக்குதலைத் தவிர்க்கப் பார்க்க வேண்டும். தவிர்க்க இயலாவிட்டால் ஆபத்தை அளந்து குறைக்க வேண்டும். சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் வழிகாட்டியாகச் சில அளவுகள் தந்திருக்கிறது. இடுப்பு மட்டத்தில், உடம்போடு கிட்டப் பிடித்துத் தூக்க, ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. அதையே நிலமட்டத்தில் கையை நீட்டித் தூக்குவதென்றால் ஆணுக்கு 5, பெண்ணுக்கு 3 கிலோதான். இவை சட்டத்தின் கடைசி எல்லை அல்ல. இதற்கு மேல் போனால் வேலைத்தலம் கவனமாக ஆராய வேண்டும் என்பதற்கான அடையாளம். பலருக்குத் தெரியாதது இதுதான்: இந்த அளவுகள் ஏறத்தாழ 2 நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்குபவருக்கானவை. நிமிடத்துக்கு 5 முதல் 8 தடவை தூக்கினால் அரைவாசியாகக் குறைக்க வேண்டும். 12 தடவைக்கு மேலென்றால் ஐந்தில் ஒரு பங்குதான். பெல்ட்டில் நிற்பவர்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை எடுக்கிறீர்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

இனி நாரிப் பிடிப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் என்றால் படுக்கை, எண்ணெய், ஒத்தடம். பழைய காலத்து ஆங்கில வைத்தியமும் வாரக்கணக்கில் படுக்கத்தான் சொன்னது. இப்போது அது மாறிவிட்டது. படுத்துக் கிடந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், நோ நீளும். இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டிக் குழு 2016இல் வெளியிட்ட குறிப்பில், நாரி நோவுக்குப் பனடோலை மட்டும் கொடுக்க வேண்டாம் என்றும், நடமாடச் சொல்லி உடற்பயிற்சி கொடுக்கும்படியும் இருக்கிறது. ஓரிரு நாள் ஆறுதல் எடுப்பது சரி. அதன் பிறகு மெல்ல நடக்க வேண்டும். வால்தம்ஸ்டோவில் இருப்பவர்களுக்கு வெற்லாண்ட்ஸ் இருக்கிறது, 2017இல் திறந்தது, உள்ளே போகக் காசு இல்லை. குளம், கொக்கு, சமதரை. நாரி நோக்காரருக்கென்றே செய்தது போல.

"எனக்கு ஸ்கான் எடுக்கவில்லை, தமிழன் என்றபடியால் கவனிக்கிறார்கள் இல்லை" என்று ஒரு அண்ணர் கோபப்பட்டார். கோபம் விளங்குகிறது. ஆனால் இந்த விஷயத்தில் வெள்ளைக்காரருக்கும் பெரும்பாலும் எடுப்பதில்லை. காரணம் இருக்கிறது. முதுகில் எந்த நோவும் இல்லாத 3,110 பேரின் ஸ்கான் படங்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். நோவே இல்லாத இருபது வயதுக்காரரிலேயே 37 வீதத்தினருக்குத் தட்டு தேய்ந்திருந்தது. எண்பது வயதில் 96 வீதம். நரை விழுவது போலத்தான் இதுவும். ஸ்கானில் 'தேய்வு' என்று ஒரு சொல்லைக் கண்டுவிட்டு, அசைந்தால் எலும்பு நொறுங்கும் என்று பயந்து நாற்காலியிலேயே இருந்து கெட்டுப்போனவர்களை எங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். நாரி நோவோடு இரண்டு காலும் பலமிழந்தால், மலவாசலையும் பிறப்புறுப்பையும் சுற்றி விறைத்தால், சலம் போவது தெரியாமல் போனால் அல்லது போகாமல் அடைத்தால், அது பிசியோதெரபிக்குக் காத்திருக்கும் அலுவல் அல்ல. அன்றைக்கே, இரவென்றாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எங்கள் பகுதிக்கு விப்ஸ் குரொஸ் வைத்தியசாலை கிட்ட. வெட்கப்பட்டு விடியும்வரை பார்த்திருந்தால் நரம்பு நிரந்தரமாகச் செத்துவிடலாம். விழுந்தபின் வந்த கடும் நோ, காய்ச்சலோடு வரும் நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிந்து வரும் நோ, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வரும் நோ, இவற்றையும் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது தோள்மூட்டு. உடம்பிலேயே அதிகம் சுழலக்கூடிய மூட்டு இது. கிண்ணம் சின்னது, பந்து பெரியது. அந்தப் பந்தை இடத்தில் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள நான்கு சிறிய தசைகளின் நாண்கள். அவைதான் தலைக்கு மேலே பெட்டி அடுக்குபவர்களுக்கும் பெயின்ட் அடிப்பவர்களுக்கும் முதலில் நோகின்றன.

முத்தையா முரளிதரனை எல்லோருக்கும் தெரியும். அவரைப் பற்றி எங்கள் ஆட்களுக்குள் பல அபிப்பிராயம் உண்டு, இங்கே அவரின் மூட்டுகளைப் பற்றி மட்டும் கதைப்போம். அவரின் வலது முழங்கை பிறப்பிலிருந்தே முழுதாக நிமிராது. 1995இல் மெல்பேணில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் பிழை பிடித்தார். அடுத்த வருடம் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கமராக்களை வைத்து மூட்டு மூட்டாக அளந்தார்கள். வளைந்த முழங்கையும் வேகமாகச் சுழலும் தோளும் மணிக்கட்டும் சேர்ந்து, எறிவது போல் கண்ணுக்குத் தோற்றம் காட்டுகின்றன என்றார்கள். அந்தத் தோளும் சும்மா விடவில்லை. 2004இல் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. பல மாதங்கள் விளையாடாமல் இருந்து, தோளைப் பழக்கியெடுத்து, திரும்பி வந்து 2010இல் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். எல்லாருடைய மூட்டும் ஒரே அச்சில் வார்த்தது அல்ல. பக்கத்தில் நிற்கிற போலந்துக்காரன் ஒரு ஷிப்டில் இத்தனை அடுக்குகிறான், நான் ஏன் குறைய அடுக்க வேண்டும் என்று மல்லுக்கட்டுபவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

தோளில் இன்னொரு வில்லங்கம், 'உறைந்த தோள்'. மூட்டைச் சுற்றியுள்ள பை தடித்து இறுகி, கையைத் தூக்கவும் பின்னால் கொண்டுபோகவும் விடாது. சேலைக்குப் பின் குத்த இயலாமல் போகும்போதுதான் எங்கள் அம்மாமாருக்குத் தெரியவரும். ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை இழுக்கும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அதிகமாக வருகிறது. எங்கள் சனத்துக்குள் சீனி வருத்தம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. காரணமில்லாமல் தோள் இறுகினால் இரத்தத்தில் சீனியையும் ஒருதரம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மணிக்கட்டைச் சுருக்கமாகச் சொல்கிறோம். உள்ளங்கை தொடங்கும் இடத்தில் எலும்பாலும் நாராலும் ஆன ஒரு ஒடுக்கமான குகை. அதற்குள்ளால் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. ஒரே விதமாகக் கையை மடக்கி வெட்டி, பொதிசெய்து, கத்தரித்துக்கொண்டிருந்தால் உள்ளே வீங்கி நரம்பு நெரிபடலாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி விறைக்கும். சின்ன விரல் தப்பிவிடும், அதுதான் அடையாளம். இரவில் எழும்பிக் கையை உதறுவீர்கள். கர்ப்பிணிகளுக்கும் தைரொயிட் குறைவானவர்களுக்கும் இது வரும். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஒரு பட்டி ஆரம்பத்தில் நன்றாக உதவும். பெருவிரலின் அடிச் சதை வற்றத் தொடங்கிவிட்டால் பட்டியோடு நிற்க வேண்டாம், டொக்டரிடம் உடனே போங்கள்.

இப்போது பிசியோதெரபி. எங்களில் பலர் இந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டது யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்தால்தான். மிதிவெடியில் கால் போனவர்கள் செயற்கைக் காலோடு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடை பழகியதைப் பார்த்திருக்கிறோம். அதனால் பிசியோதெரபி என்றால் கால் கை இழந்தவர்களுக்குரியது என்று ஒரு எண்ணம். இந்த நாட்டில் அது 1894இல் நான்கு தாதிமார் சேர்ந்து தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்தது. தொடக்கத்தில் உடம்பு பிடித்துவிடுவதுதான் பெரும்பங்கு. இன்று பெரும்பங்கு பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரைப் பதிவு செய்தவர் மட்டுமே போடலாம், அது சட்டம்.

முதல்நாள் போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்லுகிற முறைப்பாடு ஒன்றுதான். "அரை மணித்தியாலம் கதைத்தா. காலைத் தூக்கு, குனி, நிமிர் எண்டா. பிறகு படம் போட்ட கடதாசி ஒண்டைத் தந்து அனுப்பிப்போட்டா. எண்ணெயும் இல்லை, கரண்டும் இல்லை." ஊரில் முறிவு நெரிவு என்றால் ஒட்டகப்புலம் என்று போவோம். பரியாரியார் தொட்டு, நீவி, எண்ணெய் பூசி, கட்டுப்போட்டு விடுவார். வைத்தியத்தை அவர் செய்வார், நாங்கள் வாங்குவோம். இங்கே முறை தலைகீழ். அந்தக் கடதாசிதான் மருந்து. அதை ஒரு நாளைக்கு இரண்டு தரம், கிழமைக்கணக்கில் குடிக்க வேண்டியது நாங்கள். நோகுமிடத்தில் எண்ணெய் தேய்த்தால் சுகமாகத்தான் இருக்கும், தேயுங்கள், தவறில்லை. ஆனால் பலமிழந்த தசைக்கு எண்ணெயால் பலம் வராது.

ஏன் கிழமைக்கணக்கு? தசைக்கு இரத்தம் நிறையப் போகும். சாதாரணத் தசைப் பிடிப்பு சில கிழமைகளில் ஆறிவிடும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் மெதுவாகத்தான். விப்ஸ் குரொஸ் வைத்தியசாலையில் 1975இல் பிறந்த ஒரு பிள்ளையின் கதையைக் கேளுங்கள். டேவிட் பெக்கம்தான். 2010 மார்ச்சில் இத்தாலியில் விளையாடும்போது குதிக்காலின் பெரிய நாண் அறுந்தது. அடுத்த நாளே பின்லாந்தில் சத்திரசிகிச்சை. உலகத்துப் பணமும் நல்ல டொக்டர்மாரும் கையில். இருந்தும் அந்த வருட உலகக் கிண்ணம் போய்விட்டது. செப்டெம்பரில்தான் மைதானத்துக்கு வந்தார், ஆறு மாதம். எங்களுடையது அறுந்த நாண் இல்லைத்தான், உளைகிற நாண். அதற்கும் ஏறத்தாழ மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்று சொல்லுவார்கள். இரண்டு கிழமை செய்துவிட்டு 'இது சரிவராது' என்று கடதாசியைக் குப்பையில் போடுவதும், பிறகு ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்துத் தனியாரிடம் முதுகை முறிக்கப் போவதும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

பயிற்சி செய்யும்போது கொஞ்சம் நோகும். பொறுக்கக்கூடிய நோ, அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் பரவாயில்லை. அடுத்த நாளும் கூடியே நின்றால் தடவைகளைக் குறையுங்கள், முழுதாக விட வேண்டாம். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருப்பது, மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இரு பக்கமும் மெல்லச் சாய்ப்பது, முன்னுக்குச் சாய்ந்து நோகிற கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிட்டு ஆட்டுவது, இவைதான் எங்களுக்குத் தந்தவற்றில் சில. உங்களுக்கு எது சரி என்பதைப் பரிசோதித்தவர் சொல்ல வேண்டும்.

எப்படிப் போவது? குடும்ப டொக்டரிடம் பதிவது எல்லோருக்கும் இலவசம். விசா, முகவரிச் சான்று இல்லை என்று உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. இப்போது பல டொக்டர் நிலையங்களிலேயே பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இருக்கிறார், டொக்டரைப் பார்க்காமலே அவரைக் கேட்கலாம். பல இடங்களில் நீங்களாகவே படிவம் நிரப்பிப் பிசியோதெரபிக்குப் பதியவும் முடியும். வரவேற்பு மேசையில் கேளுங்கள். காத்திருப்பு இருக்கும், அதனால்தான் நோ சின்னதாக இருக்கும்போதே பதியச் சொல்கிறோம். மருந்துக்குக் காசு கட்டக் கஷ்டப்படுபவர்கள் எச்.சி.1 படிவம் நிரப்பினால் உதவி கிடைக்கலாம்.

நோவை மறைக்கிற காரணம் எங்களுக்குத் தெரியாததல்ல. வந்த கடன் இருக்கிறது, ஊரில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள், முகவர் நிறுவனம் நாளைக்கு வேலை இருக்கா இல்லையா என்பதை இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அனுப்புகிறது. 'நாரி நோ' என்று சொன்னவனுக்கு அடுத்த கிழமை அழைப்பு வராது என்ற பயம். ஆனாலும் எழுத்தில் ஒன்று இருக்கட்டும். வேலையில் நோ வந்தால் அன்றைக்கே விபத்துப் புத்தகத்தில் பதியுங்கள், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். மேற்பார்வையாளருக்கும் முகவருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். முகவர் மூலம் வந்தவர் என்றாலும் உங்களின் பாதுகாப்புக்கு முகவரும் தொழிற்சாலையும் இருவருமே பொறுப்பு. ஏழு நாள் வரையிலான சுகவீனத்துக்கு டொக்டர் கடிதம் தேவையில்லை. அதற்கு மேலென்றால் வேண்டும். 2022 ஜூலையிலிருந்து பிசியோதெரபிஸ்டும் அந்தக் கடிதத்தைத் தரலாம். வேலைக்கே போகக்கூடாது என்றுதான் எழுத வேண்டுமென்றில்லை. 'பாரம் குறைந்த வேலை', 'குறைந்த நேரம்' என்றும் எழுதலாம், அப்படிக் கேளுங்கள். நட்டஈடு கேட்பதென்றால் பொதுவாக மூன்று வருடத்துக்குள் வழக்கைத் தொடங்க வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம், எழுதுவதற்குக் கொஞ்சம் யோசித்தோம். எங்கள் நோ எல்லாம் தொழிற்சாலையில் வந்ததல்ல. செல் துண்டு உடம்புக்குள் இருப்பவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அடி வாங்கியவர்கள், கையைப் பின்னால் கட்டித் தொங்கவிடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தொங்கவிட்டால் தோள்மூட்டின் நாரும் கைக்குப் போகும் நரம்பும் இழுபட்டு, வருடங்கள் கழிந்தும் நோகும், விறைக்கும்.

செல் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குப் போகுமுன் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம், கண்ணுக்குள்ளோ பெரிய இரத்தக் குழாய்க்குக் கிட்டவோ இருந்தால் பெரிய ஆபத்து. முன்கூட்டியே ஒரு படிவம் தந்து உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதை அவசரத்தில் வேறு யாரையாவது கொண்டு 'இல்லை' என்று அடையாளமிட்டுக் கொடுக்காதீர்கள். இருக்கிறது என்று சொன்னால் ஸ்கானே இல்லை என்றாகாது. முதலில் எக்ஸ்றே எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்வார்கள்.

அடி வாங்கிய கதையைப் பிசியோதெரபிஸ்டிடம் முழுதாகச் சொல்லவேண்டியதில்லை. 'முன்பு காயப்படுத்தப்பட்டேன், பின்னால் நின்று தொடும்போது பயம் வருகிறது' என்ற அளவு போதும். அவர் முன்னால் நின்று, கேட்டுக் கேட்டுத் தொடுவார். உடுப்பு மாற்ற விருப்பமில்லை என்றால் சொல்லலாம், ஆண் அல்லது பெண் வேண்டும் என்று கேட்கலாம். லண்டனில் ஹெலன் பாம்பர் 1985இல் தொடங்கிய அமைப்பு, 2011இலிருந்து 'ஃபிரீடம் ஃப்ரம் டோர்ச்சர்' என்ற பெயரில் இயங்குகிறது. சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு வைத்திய உதவியும், அகதி வழக்குக்கான வைத்திய அறிக்கையும் அங்கே உண்டு. டொக்டர் அல்லது வழக்கறிஞர் மூலம் அணுகலாம்.

கடைசியாக வெயில். எங்கள் தோல் நிறத்துக்கு இந்த நாட்டு வெயில் போதாது. இரவு வேலை செய்து பகலில் படுப்பவருக்கு அதுவும் இல்லை. விற்றமின் டி குறைந்தால் எலும்பும் தசையும் உளையும், படி ஏறத் துடை பலமிழக்கும். ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை எல்லோரும் ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பது நல்லது என்பது அரசாங்க ஆலோசனை. கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுதும் எடுப்பதை யோசிக்கச் சொல்கிறார்கள். கடையில் மலிவாகவே கிடைக்கும் குளிசை. கூட எடுத்தால் கூட நன்மை என்று நினைத்து அள்ளிப் போட வேண்டாம்.

முழங்கால் சிரட்டையும் குதிக்கால் நோவும் இதற்குள் அடங்கவில்லை. பாதுகாப்புச் சப்பாத்தோடு பத்து மணித்தியாலம் சீமெந்துத் தரையில் நிற்பவர்களுக்காக அடுத்த இதழில் அவற்றை எழுதுவோம். கேள்விகள் இருந்தால் எழுதிக் கோயில் வாசலில் உள்ள பத்திரிகைப் பெட்டிக்குள் போடுங்கள், பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை.